"நீ என் மகன் இல்லை!"

மறதி நோயும் மூளையின் விந்தைகளும்

தென்பெண்ணை ஆற்றின் கரையில், பாகூர் கொம்யூனில் இருக்கிறது சோரியாங்குப்பம். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வயது 75.

சற்று முன்புதான் மருமகள் சோறு போட்டாள். மீன் குழம்பு ஊற்றினாள். பாட்டி வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவினார். திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, எனக்குச் சோறு போட மாட்டியா? காலையிலேருந்து பட்டினி கிடக்கிறேனே!" என்று குரல் கொடுக்கிறார்.

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"இப்பத்தானே அத்தை சாப்பிட்டீங்க!"

"நான் எங்கேடி சாப்பிட்டேன்? பொய் சொல்றியா?"

வீட்டில் சண்டை மூள்கிறது.

ஆனால் இதே பாட்டியிடம் பழைய கதையைக் கேட்டுப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோது தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனது, அங்கே வளையல் வாங்கியது, அந்த வளையலின் நிறம், எல்லாவற்றையும் நேற்று நடந்தது போலச் சொல்வார். நடவுப் பாட்டைத் தொடங்கினால் ஓர் அடிகூடத் தவறாமல் பாடி முடிப்பார்.

ஒருநாள் மாலை மகன் வேலை முடிந்து வீடு திரும்புகிறான். பாட்டி அவனை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"யாருப்பா நீ? பார்த்தா என் மகன் மாதிரியே இருக்கே. ஆனா நீ என் மகன் இல்லை!"

பெற்ற தாய் இப்படிக் கேட்டால் மகன் மனம் என்ன பாடுபடும்! அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். "வயசானா இப்படித்தான்" என்கிறார் ஒருவர். "எல்லாம் வேஷம். மருமகள் பேரைக் கெடுக்கத்தான்" என்கிறார் இன்னொருவர். "காத்து கருப்பு பட்டிருக்கு. மந்திரிச்சுத் தாயத்துக் கட்டுங்க" என்கிறார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதும் தவறு. பாட்டி பொய் சொல்லவில்லை. அவரைப் பேயும் பிடிக்கவில்லை. வயது மட்டுமே காரணமும் அல்ல. அவருடைய மூளையில் ஒரு கோளாறு ஏற்பட்டிருக்கிறது.

இந்தப் பாட்டி நம் கற்பனை. ஆனால் இந்த நோய் கற்பனை அல்ல. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது, சுமார் 88 லட்சம் பேர்!

அவர்கள் மூளையில் என்ன நடக்கிறது? சாப்பிட்டது மறந்து போகிறது. பழைய பாட்டு மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறது? மகன் முகம் தெரிகிறது. ஆனால் மகன் என்று ஏன் நம்ப முடியவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியவர்களில் ஒருவர், சென்னையில் டாக்டருக்குப் படித்தவர்.

ஸ்டான்லியில் படித்த விஞ்ஞானி

அவர் பெயர் வி.எஸ். ராமச்சந்திரன். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். நம் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தார். அதன் பின் அமெரிக்காவில், சான் டியாகோ நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2007-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

பெரிய பெரிய இயந்திரங்களை வைத்துத்தான் மூளையை ஆராய முடியும் என்று நாம் நினைக்கிறோம். ராமச்சந்திரன் புகழ்பெற்றது எதனால் தெரியுமா? பஞ்சு சுற்றிய ஒரு குச்சியாலும், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியாலும்!

இல்லாத கை வலிக்கிறது!

விபத்தில் கையை இழந்தவர்கள் பலர் ஒரு விசித்திரமான புகார் சொல்வதுண்டு. "டாக்டர், என் கை வலிக்கிறது" என்பார்கள். எந்தக் கை? வெட்டி எடுக்கப்பட்ட கை! இல்லாத விரல்கள் மடங்கி உள்ளங்கையில் நகம் குத்துவது போல இருக்கும். தூக்கம் வராது.

இது மனப்பிரமை என்று பலர் தள்ளிவிட்டார்கள். ராமச்சந்திரன் தள்ளவில்லை. ஒரு கையை இழந்த இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டினார். பஞ்சுக் குச்சியால் அவர் உடம்பில் பல இடங்களில் மெல்லத் தொட்டார். எங்கே தொடுகிறேன் என்று கேட்டுக் கொண்டே வந்தார்.

கன்னத்தில் தொட்டதும் இளைஞர் திகைத்தார். கன்னத்திலும் உணர்ச்சி. அதே நேரத்தில், இல்லாத கையின் கட்டை விரலிலும் உணர்ச்சி! மேல் உதட்டைத் தொட்டால் ஆள்காட்டி விரல். தாடையைத் தொட்டால் சுண்டு விரல். முகத்தில் ஒரு கை ஒளிந்திருந்தது!

காரணம் என்ன? நம் உடம்பு முழுவதற்கும் மூளையில் ஒரு படம் இருக்கிறது. காலுக்கு ஓர் இடம், கைக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம். அந்தப் படத்தில் கையும் முகமும் பக்கத்து வீடுகள். கை போய்விட்டால் அதன் வீடு காலியாகிறது. செய்தி எதுவும் வருவதில்லை. உடனே பக்கத்து வீட்டுக்காரர் நுழைந்து விடுகிறார். முகத்திலிருந்து வரும் செய்தி, கையின் வீட்டுக்கும் போகிறது. இதுதான் ராமச்சந்திரன் தந்த விளக்கம்.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது? ஒரு பெட்டியை எடுத்துக் கொண்டார். நடுவில் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். நல்ல கையை ஒரு பக்கம் வைத்து, கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார். பார்ப்பவருக்கு, இழந்த கை திரும்பி வந்துவிட்டது போலத் தோன்றும். நல்ல கையை விரித்தால், இல்லாத கையும் விரியும்! இறுக மூடிக் கிடந்த விரல்கள் தளர்வது போல இருக்கும். சிலருக்கு வலி குறைந்தது.

எல்லோருக்கும் இது பலிக்கவில்லை. ஆனாலும் பின்னாளில், போரில் கால் இழந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில் இதைச் செய்து பார்த்தார்கள். பலன் கிடைத்ததாக 2007-இல் அறிக்கை வெளியானது. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடியின் விலையோ சொற்பம்!

இதிலிருந்து தெரிவது என்ன? கண்ணும் தோலும் தனித்தனியே வேலை செய்யவில்லை. கண் பார்ப்பதைக் கொண்டு, மூளை உடம்பின் வலியையே மாற்றிக் கொள்கிறது.

நீங்களும் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் இரண்டு படம் வரையுங்கள். ஒன்று மேகம் போல உருண்டு திரண்டிருக்கட்டும். மற்றொன்று உடைந்த கண்ணாடித் துண்டு போலக் கூர் கூராக இருக்கட்டும். "இதில் ஒன்றின் பெயர் பூபா. மற்றதன் பெயர் கிக்கி. எது எது?" என்று குழந்தைகளைக் கேளுங்கள். உருண்டதைப் பூபா என்றும், கூரானதைக் கிக்கி என்றும்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அமெரிக்க மாணவர்களிடமும், இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் ராமச்சந்திரன் குழுவினர் இதைக் கேட்டார்கள். 100-க்கு 95 பேருக்கு மேல் அப்படியே சொன்னார்கள் என்று 2001-இல் எழுதினார்கள். கண்ணும் காதும் மூளைக்குள் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன!

போனில் அம்மா, நேரில் அந்நியர்

இனி, "நீ என் மகன் இல்லை" என்ற கதைக்கு வருவோம்.

ராமச்சந்திரனிடம் ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள். கார் விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தவர். பிழைத்துக் கொண்டார். பேச்சு, அறிவு எல்லாம் நன்றாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. தாயையும் தந்தையையும் பார்த்து, "இவர்கள் என் பெற்றோரைப் போலவே இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் வேறு யாரோ" என்று சாதித்தார்.

இந்த நோயை 1923-இலேயே கேப்கிரா என்ற பிரெஞ்சு டாக்டர் விவரித்திருந்தார். அவர் பெயரையே இந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள்.

அதிசயத்தைக் கேளுங்கள். அதே இளைஞரிடம் பெற்றோர் டெலிபோனில் பேசினால், சந்தேகமே வராது. குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டு, வழக்கம் போலப் பேசுவார்! நேரில் வந்தால் அந்நியர். போனில் பேசினால் சொந்தம்.

இது எப்படி? அம்மாவைப் பார்க்கும்போது மூளையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, "இது அம்மா முகம்" என்று அடையாளம் காண்பது. இரண்டு, உள்ளே ஒரு பாசம் சுரப்பது. அந்தப் பாசத்தை அளக்கக்கூட வழி இருக்கிறது. வேண்டியவர் முகத்தைக் கண்டால், நமக்கே தெரியாமல் உள்ளங்கை துளி வியர்க்கும். இந்த இளைஞருக்குப் பெற்றோரின் படத்தைக் காட்டியபோது அந்த வியர்வை ஏற்படவில்லை.

கண்ணிலிருந்து பாசத்துக்குப் போகும் பாதை விபத்தில் அறுந்து விட்டது என்றார் ராமச்சந்திரன். முகம் தெரிகிறது; பாசம் சுரக்கவில்லை. "அம்மாவாக இருந்தால் எனக்கு ஏதாவது தோன்றியிருக்குமே! ஆகையால் இவர் அம்மா இல்லை" என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. காதிலிருந்து பாசத்துக்குப் போகும் பாதை வேறு. அது அறுபடவில்லை. அதனால்தான் போனில் மட்டும் அம்மா கிடைத்தார்.

நம் பாட்டிக்கு விபத்து எதுவும் இல்லை. ஆனால் மறதி நோய் முற்றும்போது, சிலருக்கு இதே கோளாறு வருவதுண்டு. பாட்டிக்கு மகன் மேல் பாசம் இல்லாமல் போகவில்லை. பாசத்துக்குப் போகும் பாதைதான் கெட்டுப் போயிருக்கிறது.

புதுக் கணக்கு எழுதாத கணக்குப்பிள்ளை

சாப்பிட்டதை மறப்பது ஏன்? இதற்கு விடை இன்னொரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து கிடைத்தது.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஓர் இளைஞர் இருந்தார். காக்காய் வலிப்பு அவரை வாட்டி வதைத்தது. 1953-இல், அவருக்கு 27 வயது இருக்கும்போது, வலிப்பை நிறுத்த ஆபரேஷன் செய்தார்கள். மூளையின் இரு பக்கத்திலும், காதுக்கு உட்புறம் உள்ள ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். கடல் குதிரை போல வளைந்த பகுதி அது. அதன் வேலை என்ன என்று அப்போது சரியாகத் தெரியாது.

வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை! சாப்பிட்ட அரை மணியில், சாப்பிட்டதே தெரியாது. தினமும் வரும் டாக்டர், தினமும் புது ஆள். சிறு வயதுச் சம்பவங்கள் மட்டும் நினைவில் இருந்தன.

பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரும் ஒரு கண்ணாடியைத்தான் எடுத்தார்! கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரப் படத்தின் ஓரமாகப் பென்சிலால் கோடு போடச் சொன்னார். செய்து பாருங்கள், கை எதிர்ப்பக்கம் ஓடும். ஹென்றியும் முதலில் தடுமாறினார். மூன்று நாள் பழகினார். மூன்றாம் நாள் அழகாகப் போட்டார். ஆனால், "இதை முன்பு செய்திருக்கிறீர்களா?" என்றால், தெரியாது! அவர் மறந்ததை அவர் கை மறக்கவில்லை.

ஆக, ஞாபகம் என்பது ஒரே பெட்டி அல்ல. கடையில் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார் என்று எண்ணிக் கொள்ளுங்கள். அன்றாட வரவுசெலவை அவர் எழுதுவார். பழைய பேரேடுகள் வேறு அலமாரியில் இருக்கும். கணக்குப்பிள்ளை படுத்துவிட்டால் புதுக் கணக்கு எழுத ஆள் இல்லை. பழைய பேரேடு அப்படியே இருக்கும். கைப்பழக்கமோ இன்னொரு அலமாரி. கடல் குதிரைப் பகுதிதான் அந்தக் கணக்குப்பிள்ளை.

பாட்டியின் கணக்குப்பிள்ளை படுத்துவிட்டார். மத்தியானச் சோறு கணக்கில் ஏறவில்லை. ஆகவே "பட்டினி கிடக்கிறேன்" என்று அவர் சொல்வது, அவரைப் பொறுத்தவரை சத்தியம்!

மூக்கும் நினைவும்

கோடையில் முதல் மழை பெய்கிறது. மண் வாசனை எழுகிறது. உடனே சின்ன வயதில் ஓடி விளையாடிய தெரு நினைவுக்கு வருகிறது அல்லவா? மூக்கிலிருந்து வரும் செய்தி, மற்றப் புலன்களைப் போல் சுற்றிப் போகாமல், பாசமும் நினைவும் குடியிருக்கும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகப் போய்ச் சேருகிறது. அதனால்தான் வாசனைக்கு அவ்வளவு சக்தி.

இந்த நெருக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மறதி நோயிலும், கை நடுங்கும் பார்க்கின்சன் நோயிலும், சில சமயம் முதலில் மங்குவது மோப்ப சக்திதான். அதற்காகப் பயந்துவிடக் கூடாது. சளி பிடித்தாலும் வாசனை தெரியாது. வயதானாலும் குறையும். வாசனையும் குறைந்து, மறதியும் வளர்ந்தால், டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நோயைக் கண்டவர்

மறதி நோய்களில் மிகப் பரவலானது அல்சைமர் நோய். 1901-இல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு ஆகஸ்தே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி வந்தார். தம் பெயரைக்கூட ஒழுங்காக எழுத அவரால் முடியவில்லை. அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் அவரைக் கவனித்தார். 1906-இல் அந்த அம்மாள் இறந்ததும், அவர் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு அணுக்களுக்கு வெளியே கசடு திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளே நூல் சிக்கல் போல முறுக்கிக் கிடந்தது.

இந்த நோய் பெரும்பாலும் நம் கணக்குப்பிள்ளை இருக்கும் பகுதியில்தான் முதலில் கை வைக்கிறது. பிறகு மெல்லப் பரவுகிறது.

இதை முற்றிலும் குணப்படுத்த மருந்து இல்லை. தொல்லையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு, நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துகளும் அண்மையில் வந்திருக்கின்றன.

எல்லா மறதியும் ஒன்றல்ல

சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது சாதாரண மறதி. சாவியைக் கையில் வைத்துக் கொண்டு, இது எதற்கு என்று விழிப்பது நோயின் அடையாளம். பலமுறை போன தெருவில் வழி தெரியாமல் நிற்பது, பணத்தை எண்ணத் தடுமாறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது.

ஏன்? குணப்படுத்தக்கூடிய மறதிகளும் இருக்கின்றன! தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு, கீழே விழுந்து மண்டைக்குள் கசிந்த ரத்தம் ஆகியவையும் மறதியைத் தரும். உரிய சிகிச்சை செய்தால் இவற்றில் பலர் தேறிவிடுவார்கள். தாயத்துக் கட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தால், தேற வேண்டியவரும் தேறாமல் போகலாம்.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நரம்பு நோய்ப் பிரிவு இருக்கிறது. திடீரென்று வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், அது பக்கவாதம். அப்போது ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். பீடி, சிகரெட், சாராயத்தை விடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடுங்கள். தினமும் நடங்கள். காது மந்தமானால் கருவி வையுங்கள். கண்ணில் புரை விழுந்தால் ஆபரேஷன் செய்து கொள்ளுங்கள். காதும் கண்ணும் அடைபட்டால் மூளைக்கு வேலை குறைகிறது. மறதி நோய்க்கு இடம் கொடுக்கிறது. இது 2024-இல் உலக நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையிலும் இருக்கிறது.

திண்ணைக்குத் திரும்புவோம்

மறுபடியும் பாட்டி சோறு கேட்கிறார். மருமகள் இப்போது வாதாடவில்லை. "இதோ கொண்டு வரேன் அத்தை" என்று ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுக்கிறாள். பாட்டி திருப்தியாகச் சாப்பிடுகிறார். சண்டை இல்லை.

மகன் வேலையிலிருந்து வருகிறான். அம்மா முன்னால் சட்டென்று போய் நிற்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்று, "அம்மா, நான்தாம்மா வந்திருக்கேன்" என்று குரல் கொடுக்கிறான். எல்லோருக்கும் எல்லா நாளும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது. முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பேத்தி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். ஒரு முறம் அவரைக்காயைப் பாட்டி முன் வைக்கிறாள். பேச்சு இல்லாமல் பாட்டியின் விரல்கள் நார் உரிக்கத் தொடங்குகின்றன. பேத்தி நடவுப் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுக்கிறாள். மீதிப் பாட்டைப் பாட்டி பாடுகிறார்.

நாளைக் காலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக மகன் லீவு போட்டிருக்கிறான்.